குறையத் தெரியாத எண்

நூலகம், அறக்கட்டளை, சிற்றிதழ், மின்னூல் திட்டம், கல்லூரித் தமிழ்த்துறை என்று பொதுப் பயனுக்காக நடக்கும் தமிழ் இணையதளங்களைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

உங்களில் பலருடைய தளங்களின் முகப்புப் பக்கத்தில் அடிவரை இறங்கிப் போனால் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதற்குள் பச்சை நிறத்தில் 0048215 என்பதுபோல் ஏழு இலக்கங்கள். மேலே ‘வருகையாளர் எண்ணிக்கை’ என்று ஒரு வரி. முன்னால் நிற்கும் இரண்டு பூஜ்யங்களும், லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் இடம் தயாராக இருக்கிறது என்று காட்டுவதற்காக. இந்த மடல் அந்தப் பெட்டியைப் பற்றியது. அதைப் பிடுங்கி எறியுங்கள் என்று சொல்ல வரவில்லை. எதை எண்ணுகிறோம், எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறோம், யாரை விட்டுவிட்டு எண்ணுகிறோம் என்று அந்தப் பெட்டி சொல்ல வேண்டும். அதில் காட்டும் எண், வாசகர் குறைந்தால் தானும் குறையக்கூடியதாக இருக்க வேண்டும். என் வேண்டுகோள் இவ்வளவுதான். ஆனால் இதற்குள் வாதம் நிறைய இருக்கிறது.

வீட்டு மின்மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருகிறவர், மீட்டரில் 48,215 என்று ஓடியிருப்பதைப் பார்த்து அதற்குப் பில் போடுவதில்லை. போன தடவை 47,790, இந்தத் தடவை 48,215, ஆக 425 யூனிட். இந்த 425தான் வீட்டுக்காரருக்கும் மின்வாரியத்துக்கும் வேண்டிய சேதி. மீட்டரில் தெரியும் பெரிய எண் அந்தக் கழித்தலுக்கு ஒரு முனை மட்டுமே. மறுமுனை ஈபி அட்டையில் தேதியோடு எழுதப்பட்டிருக்கும். அட்டை தொலைந்துபோன வீட்டில் மீட்டரை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அந்த இரண்டு மாதச் செலவு தெரியாது. உங்கள் தளத்துக் கவுண்டர் அட்டை தொலைந்த மீட்டர். போன ரீடிங் எங்கும் இல்லை. மீட்டர் மாட்டிய தேதியும் இல்லை. தளம் 2009இல் தொடங்கியது, கவுண்டரோ நடுவில் ஒருமுறை சர்வர் மாறியபோது புதிதாகப் போட்டது என்றால், அந்தத் தகவல் பராமரிப்பவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அவரும் வேலை மாறிப் போய்விட்டால் அதுவும் போயிற்று.

இந்தப் பெட்டியின் பூர்வீகம் 1990களின் நடுப்பகுதி. அப்போதைய சர்வர்களில் சிஜிஐ ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கும்; அதன் பக்கத்தில் ஒரே ஒரு வரி கொண்ட டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். யாராவது பக்கத்தைத் திறந்தால் ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பைத் திறந்து, எண்ணைப் படித்து, ஒன்றைக் கூட்டி, திரும்ப எழுதும். பிறகு 0 முதல் 9 வரையுள்ள பத்துப் படத்துணுக்குகளில் வேண்டியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஒரே படமாக்கி அனுப்பும். அழகான ஏற்பாடு. ஒரே குறை, இரண்டு பேர் ஒரே நொடியில் வந்துவிட்டால் இருவருக்கும் கோப்பில் 4071 என்றே தெரியும். இருவரும் 4072 என்றே எழுதிவைப்பார்கள். ஒரு வருகை காணாமல் போகும். கோப்பைப் பூட்டிவிட்டு எழுது என்று ஸ்கிரிப்டுக்குச் சொல்லித் தராவிட்டால் இதுதான் நடக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே சர்வர் விழுந்தால் கோப்பு காலியாகி, எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கூட்டம் குறைவான நாளில் ஒழுங்காக எண்ணி, கூட்டம் மொய்க்கும் நாளில் தப்பாக எண்ணுகிற கருவி என்று இதைச் சொல்லலாம். இன்றும் இலவசமாகக் கிடைக்கும் பல பிஎச்பி துணுக்குகளின் உள்ளே இருப்பது இதே டெக்ஸ்ட் கோப்புதான். புதிதாகப் போடுகிறவர்கள் அந்தப் பூட்டு இருக்கிறதா என்று மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

கருவி பழுதில்லாமல் எண்ணினாலும், எதை எண்ணுகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரு மாணவி கைபேசியில் உங்கள் தளத்துக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முகப்பைத் திறக்கிறாள், நூல் பட்டியலுக்குப் போகிறாள், ஒரு நூலைத் திறந்து பார்க்கிறாள், மறுபடி முகப்புக்கு வருகிறாள். நான்கு பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தோடும் லோகோ, எழுத்துரு, அட்டைப்படங்கள், ஸ்டைல் கோப்புகள் என்று சேர்ந்து இறங்கியதில் சர்வர் லாகில் அறுபது வரிகள் பதிவாகின்றன. ‘ஹிட்’ என்ற சொல்லின் பழைய பொருளில் இவை அறுபது ஹிட். பக்கப் பார்வை என்றால் நான்கு. முகப்பில் மட்டும் கவுண்டர் வைத்திருந்தால் இரண்டு. வருகை என்றால் ஒன்று. நாளைக் காலை அவளே பள்ளிக் கணினியிலிருந்து வந்தால் அப்போதும் ஒரே ஆள்தான், ஆனால் எந்தக் கருவிக்கும் அது தெரியாது. அறுபது, நான்கு, இரண்டு, ஒன்று எல்லாமே சரியான விடைகள். கேள்வி மட்டும் வெவ்வேறு. ‘வருகையாளர் எண்ணிக்கை 48,215’ என்று போடும்போது வாசகர் அதை 48,215 ஆட்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். உங்கள் ஸ்கிரிப்ட் எண்ணியதோ பெரும்பாலும் முகப்பு திறக்கப்பட்ட தடவைகளை. இதில் யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, ஆனால் பெட்டியின் மேலிருக்கும் தலைப்பு பொய்.

இது சிறு தளங்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் என்று நினைக்க வேண்டாம். ‘24 மணி நேரத்தில் இத்தனை மில்லியன்’ என்று திரைப்பட டிரெய்லர்களுக்குப் போஸ்டர் அடிக்கும் ஊர் நம்முடையது. 2019 ஜூலையில் ராப் பாடகர் பாட்ஷாவின் ‘பாகல்’ என்ற இந்திப் பாட்டு வெளியாகி, முதல் 24 மணி நேரத்தில் சுமார் 7.5 கோடி பார்வைகளைப் பெற்றதாக அறிவிப்பு வந்தது. அதில் விளம்பரமாக ஓட்டியதால் சேர்ந்த பார்வைகளும் அடக்கம் என்ற சர்ச்சை கிளம்பியது. அந்த ஆண்டு செப்டம்பரில் யூடியூப், 24 மணி நேரச் சாதனைக் கணக்கில் விளம்பரப் பார்வைகளைச் சேர்ப்பதில்லை என்று விதியை மாற்றியது. பார்வை என்றால் எது என்று முதலில் சொல்லாமல் எண்ணை மட்டும் பெரிதாக எழுதினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அவ்வளவு பெரிய நிறுவனமே பட்டுத்தான் தெரிந்துகொண்டது.

ஆட்களை எண்ணத்தான் முடியாதா? முயன்று பார்த்திருக்கிறார்கள். ஐபி முகவரியை வைத்து எண்ணினால், கைபேசி நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. கல்லூரி ஆய்வகத்தின் அறுபது கணினிகளும் வெளியே ஒரே முகவரியாகத் தெரிகின்றன. அங்கே குறைவாக எண்ணுவீர்கள். அதே சமயம் வீட்டு இணைப்பின் முகவரி அவ்வப்போது மாறுவதால், ஒரே ஆளைப் பலராக எண்ணுவீர்கள். குக்கீயை நம்பலாம் என்றால், 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுலி உருவாக்கிய அந்த ஏற்பாடு அடையாளம் வைப்பது பிரௌசருக்குத்தான், மனிதருக்கு அல்ல. அதை அழித்துவிட்டு வந்தாலோ, தனிச் சாளரத்தில் திறந்தாலோ பழைய வாசகர் புதியவராகிவிடுவார். இவை எல்லாவற்றுக்கும் மேலே ரோபோக்கள். இம்பெர்வா என்ற பாதுகாப்பு நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அதற்கு முந்தைய ஆண்டின் இணையப் போக்குவரத்தில் 49.6 விழுக்காடு தானியங்கி நிரல்களுடையது. அவர்கள் பாதுகாப்புச் சேவை விற்பவர்கள், கொஞ்சம் கூட்டிச் சொல்லக்கூடும் என்று தள்ளுபடி செய்தாலும், பாதிக்குப் பக்கத்தில் என்பது சின்ன விஷயமில்லை. வாசகர் குறைவான தளத்தில் இந்த விகிதம் இன்னும் மோசமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தேடுபொறியின் ரோபோ கூட்டத்தைப் பார்த்து வருவதில்லை. புதிய பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க, ஆளில்லாத கடைக்கும் தவறாமல் வந்துபோகும். ஐந்து வருடமாக யாரும் எட்டிப் பார்க்காத தளத்தின் கவுண்டரும் ஏறிக்கொண்டே இருப்பதன் ரகசியம் இதுதான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒருவர் நியாயமாகவே மறுக்கலாம்: “எல்லா அளவும் தோராயம்தானே, மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பிழை உண்டு, போக்கு தெரிந்தால் போதாதா?” போதும். நான் கேட்பதும் போக்கைத்தான். ஆனால் கூடிக்கொண்டே போகும் மொத்த எண்ணில் போக்கு என்ற ஒன்றே தெரியாது. மாதம் ஆயிரம் பேர் வந்த தளத்துக்கு இப்போது மாதம் நாற்பது பேர் வருகிறார்கள் என்றாலும் பெட்டி 48,215லிருந்து 48,255க்கு ஏறும். வீழ்ச்சி அங்கே வளர்ச்சியாகவே தெரியும். அதற்குப் பதில் ‘கடந்த 30 நாட்களில்’ என்று எண்ணினால், கருவியில் இருபது விழுக்காடு பிழை இருந்தாலும், அதே கருவி அதே முறையில் எண்ணும்வரை இந்த மாதத்தையும் போன மாதத்தையும் ஒப்பிட முடியும். பிழை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். முறையை மாற்றினால் மட்டும், மாற்றிய தேதியைக் குறித்துவைக்க வேண்டும். ஊர்ப்புற நூலகத்தின் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் தேதி போட்டுக் கோடிழுத்து, அன்றைக்கு வந்தவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். மழை பெய்த நாளில் ஆறு கையெழுத்து, பரீட்சைக்கு முந்தைய வாரம் முப்பது. நூலகர் அதைப் பார்த்து எந்த நேரத்தில் எத்தனை நாற்காலி வேண்டும் என்று சொல்லிவிடுவார். நூலகம் திறந்த நாளிலிருந்து போட்ட கையெழுத்துகளை எல்லாம் கூட்டி வாசலில் எழுதிவைக்க அவருக்குத் தோன்றியதில்லை.

அடுத்து, தனிப்பயனாக்கம் என்று சொல்லிக் கருவிகள் தரும் வசதிகளுக்கு வருகிறேன். நிறம், இலக்கத்தின் வடிவம், எத்தனை இலக்கம் என்ற பட்டியலில் சாதுவாக ஒன்று உட்கார்ந்திருக்கும்: ‘தொடக்க எண்’. சர்வர் மாறும்போது பழைய கணக்கைத் தொடர உதவும் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம். நடைமுறையில் புதிய தளத்துக்கு 25,000 என்று போட்டுத் தொடங்கவும் அதுவே வழி. “கடை திறக்கும்போது கல்லாவில் பத்து ரூபாய் போட்டு வைப்பதில்லையா, அதுபோல” என்று இதற்குச் சமாதானம் சொல்லப்படுவதுண்டு. எண் வாசகரை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். மாத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பெயர் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாடல்கள், கலந்துகொண்டவர்கள் 14,341 பேர். ஒரு பிரிவினருக்குப் பாடல்கள் மட்டும் தெரியும்; மற்றவர்களுக்கு எத்தனை பேர் அதை இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணும் தெரியும். எண்ணைப் பார்த்தவர்களிடையே பிரபலமான பாட்டு மேலும் பிரபலமானது, அமுங்கியது மேலும் அமுங்கியது; எது மேலே வரும் என்று முன்கூட்டிச் சொல்வதும் கடினமானது. சால்கனிக்கும் வாட்ஸும் 2008இல் வெளியிட்ட தொடர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அதில் எண்களைத் தலைகீழாக்கிக் காட்டினார்கள், அதாவது பொய் எண். பல பாடல்களுக்கு அந்தப் பொய் நாளடைவில் மெய்யாகிவிட்டது. ஆனால் மிக நல்ல பாடல்கள் மெல்ல மெல்ல மேலே திரும்பின, மொத்தத்தில் மக்கள் இறக்கிக்கொண்ட பாடல்களின் எண்ணிக்கையே குறைந்துபோனது. கல்லாவில் போட்ட பத்து ரூபாய் கடைக்காரர் கண்ணுக்கு மட்டும் தெரிவது. பெட்டியில் போட்ட 25,000 வாசகரின் தேர்வுக்குள் கையை விடுவது. பொதுப் பயனுக்காக நடக்கும் தளத்துக்கு இது ஒவ்வாது என்பது என் தீர்மானமான கருத்து.

“நன்கொடையாளருக்குக் காட்ட எண் வேண்டும், நிர்வாகக் குழு கேட்கிறது, தன்னார்வலர்களுக்கும் உற்சாகம் வேண்டாமா?” இதுவே எனக்குத் தெரிந்த மிக வலுவான மறுப்பு, இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். சம்பளமில்லாமல் இரவில் உட்கார்ந்து பிழைதிருத்தும் மெய்ப்புப் பார்ப்பவருக்கு, யாரோ படிக்கிறார்கள் என்ற சேதிதான் கூலி. ஆனால் அந்தச் சேதியை அவருக்குத் தருவது எந்த எண்? ‘தளத்துக்கு 48,215 வருகை’ என்பதா, ‘நீங்கள் போன மாதம் ஏற்றிய நூலை 30 நாட்களில் 212 முறை திறந்திருக்கிறார்கள்’ என்பதா? நிர்வாகக் குழுவுக்கும் இதே கணக்குத்தான். எந்தப் பகுதியை விரிவாக்குவது, எதை மூடுவது என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டும். மொத்த எண்ணை வைத்துக்கொண்டு எடுக்கக்கூடிய முடிவு ஒன்றுகூட இல்லை. கணக்குக் கேட்கத் தெரிந்த நன்கொடையாளர் முதலில் ‘எத்தனை வருடத்தில்?’ என்றுதான் கேட்பார். சிறிய எண் வெட்கமாக இருக்கும் என்ற தயக்கம் புரிகிறது. பழைய சிற்றிலக்கியப் பதிப்பு ஒன்றை மாதம் 40 பேர் திறக்கிறார்கள் என்றால், அச்சில் அந்த நூலின் ஒரு பதிப்பு விற்க எத்தனை வருடமாகும் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வெட்கம் கொஞ்சம் குறையும்.

கவுண்டரை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ‘இலவசக் கவுண்டர்’ என்று தேடி, கிடைத்த நிரல்துணுக்கைக் காப்பி செய்து பக்கத்தில் ஒட்டுவதுதான் வழக்கம். அந்தத் துணுக்குக்குள் என்ன இருக்கிறது என்று படிப்பவர்கள் குறைவு. வலைத்தள உரிமையாளர்களுக்கான வழிகாட்டுதலில், விட்ஜெட்டுகளுக்குள் ஒளிந்திருக்கும் விளம்பர இணைப்புகளுக்குக் கூகுள் நெடுங்காலம் காட்டிவந்த எடுத்துக்காட்டே ஒரு கவுண்டர்தான்: ‘இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் 1,472’ என்று ஒரு வரி, அதன் கீழே சம்பந்தமே இல்லாமல் ‘கார் இன்சூரன்ஸ்’ என்று ஒரு இணைப்பு. இன்சூரன்ஸ் கடைக்காரருக்கு உங்கள் நூலகத்தின் நற்பெயரிலிருந்து கொஞ்சம் கிள்ளிக் கொடுப்பதுதான் அந்த இலவசத்தின் விலை. வெளியார் ஸ்கிரிப்டை ஏற்றுவதில் வேறு ஆபத்தும் உண்டு. 2008 ஆகஸ்டில் சைட்மீட்டர் என்ற பிரபல கவுண்டரில் ஏற்பட்ட கோளாறால், அதை ஒட்டியிருந்த பல தளங்கள் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் திறக்கவே மறுத்தன. கட்டுரைகள், படங்கள் எல்லாம் நலமாக இருந்தன. வாசல்படியில் உட்கார்ந்து ஆள் எண்ணுகிறவர் மயங்கி விழுந்ததில் கதவு அடைத்துக்கொண்டது. 2024இல் பாலிஃபில் டாட் ஐஓ என்ற முகவரி கைமாறியது. ஜூன் மாதம் அது தரும் ஸ்கிரிப்டில் தீய நிரல் புகுந்துவிட்டதாகத் தெரியவந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை ஏற்றிக்கொண்டிருந்தன. அது கவுண்டர் இல்லை, ஆனால் ஒட்டும் முறை அதேதான். இன்று நல்லவர் நடத்தும் இலவசச் சேவையை நாளை யார் வாங்குவார் என்று உங்களால் சொல்ல முடியாது.

வாசகர் பக்கத்து நியாயமும் இருக்கிறது. வெளியார் கவுண்டர் ஏறும் ஒவ்வொரு முறையும், உங்கள் தளத்தில் எந்தப் பக்கத்தை எந்த முகவரியிலிருந்து திறந்தார்கள் என்ற தகவல் மூன்றாம் ஆளிடம் போகிறது. 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் மாவட்ட நீதிமன்றம், கூகுள் எழுத்துருவை ஏற்றியதன் மூலம் வாசகரின் ஐபி முகவரியை அவர் ஒப்புதலின்றி வெளியே அனுப்பியதற்காக ஒரு தள உரிமையாளர் 100 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்றது. எழுத்துருவுக்கே அப்படி. நம் நாட்டிலும் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டியது என்று நான் சொல்லவில்லை. மனநலம், சாதி, பாலியல் பற்றிய நூலைத் திறக்கும் வாசகர் யாருக்கும் தெரியாது என்று நம்பித்தான் திறக்கிறார். அந்த நம்பிக்கையை ஒரு பச்சை இலக்கப் பெட்டிக்காக விற்க வேண்டுமா?

எண்ணுவதற்காக வாசகரைக் காக்க வைக்கும் பழக்கமும் பழையதுதான். இடையில் உள்ள கேச் சர்வர் பக்கத்தின் நகலை வைத்திருந்து கொடுத்துவிட்டால் மூல சர்வருக்கு வருகை தெரியாது. எனவே எண்ணிக்கை பிரியர்கள் ‘நகல் வைக்காதே, ஒவ்வொரு முறையும் என்னிடமே வா’ என்று பக்கத்தில் எழுதிவைத்தார்கள். மெதுவான டயல்-அப் காலத்தில் அது எல்லோருக்கும் சுமை. இந்தத் தொல்லையைக் குறைக்க, கேச்சுகளே எண்ணிச் சொல்லட்டும் என்று 1997 அக்டோபரில் ஆர்எஃப்சி 2227 என்ற தர முன்மொழிவே எழுதப்பட்டது. அது பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை. இப்போது வேர்ட்பிரஸ்ஸில் வேகத்துக்காகக் கேச் பிளகின் போட்டதும் “கவுண்டர் நின்றுவிட்டது” என்று புலம்புவதும், பிறகு கவுண்டருக்காகக் கேச்சை நிறுத்துவதும் அதே கதையின் அடுத்த அத்தியாயம்.

அலங்காரம் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அதில் எனக்கு ஆசை உண்டு. ஓடோமீட்டர் மாதிரி உருளும் ஆங்கிலக் கவுண்டர்களைவிட ௪௮,௨௧௫ என்று தமிழ் இலக்கத்தில் காட்டுவது கண்ணுக்கு இதம். நம் பழைய முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்ததால் பூஜ்யம் தேவைப்படவில்லை. யூனிகோடில் தமிழுக்கென்று பூஜ்யம் சேர்ந்ததே 2005இல், 4.1ஆம் பதிப்பில்தான். இன்றைய பிரௌசர்களில் மொழி தமிழ், நாடு இந்தியா, இலக்கம் தமிழ் என்று மூன்றும் குறித்தால் எண் தானாகவே தமிழ் இலக்கத்தில் வரும். காற்புள்ளியும் மில்லியன் கணக்கில் விழாமல் லட்சம், கோடி கணக்கில் விழும். ஆனால் ௧ஐக் க என்றும் ௭ஐ எ என்றும் படிப்பவர்களே இன்று அதிகம். எனவே பக்கத்திலேயே 48,215 என்றும் இருக்கட்டும். எப்படிக் காட்டினாலும் எழுத்தாகக் காட்டுங்கள், படமாக வேண்டாம். படத்துக்கு விளக்கம் எழுதாவிட்டால், திரைவாசிப்பான் வைத்துக் கேட்கும் பார்வையற்ற வாசகருக்கு அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

“இதையெல்லாம் செய்ய எங்களிடம் ஆள் இல்லை” என்பது கடைசி மறுப்பு. பெரும்பாலானவர்களுக்குப் புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. சிபேனல் உள்ள ஹோஸ்டிங்கில் ஏடபிள்யூஸ்டாட்ஸ் என்ற நிரல் பெரும்பாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அது சர்வர் லாகைப் படித்து, மாதவாரியாகப் பிரித்து, தன்னை அடையாளம் சொல்லிக்கொண்டு வரும் ரோபோக்களைத் தனியே ஒதுக்கியும் வைத்திருக்கும். பக்கத்தில் எதையும் ஒட்டாததால் வாசகருக்கு ஒரு பைட் கூடச் சுமை இல்லை. இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் மட்டோமோ, கோட்கவுண்டர் போன்ற திறமூல நிரல்களை உங்கள் சர்வரிலேயே நிறுவலாம். காட்டும் முறைக்கு முன்மாதிரி தமிழ் விக்கிப்பீடியாவிலேயே இருக்கிறது. அதன் கட்டுரைகளின் அடியில் கவுண்டர் கிடையாது. விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கி மென்பொருளில் முதலில் ஒன்று இருந்தது; விக்கிப்பீடியாவில் பக்கங்கள் கேச்சிலிருந்து போவதால் அங்கே அதை அணைத்தே வைத்திருந்தார்கள், 2015இல் வந்த மீடியாவிக்கி 1.25இல் மூல நிரலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். ஆனால் எந்தக் கட்டுரைக்கும் ‘பக்கத் தகவல்’ என்பதைச் சொடுக்கினால், கடந்த 30 நாட்களில் எத்தனை பார்வை என்று இருக்கும். அந்த எண் ஏறும், இறங்கும். கேட்பவருக்குக் கிடைக்கும், கேட்காதவர் கண்ணில் குத்தாது.

ஆகவே பெட்டி இருந்த இடத்தில் இப்படி ஒரு வரி போதும்: ‘கடந்த 30 நாட்களில் இந்தப் பக்கம் 1,284 முறை திறக்கப்பட்டது. தேடுபொறி ரோபோக்களும் எங்கள் அலுவலகக் கணினிகளும் இதில் சேராது. முந்தைய 30 நாட்களில் 1,340.’ அந்த 1,340ஐயும் போடுங்கள், அதுதான் ஈபி அட்டை.

பழைய எண்ணைத் தூக்கிப் போட வேண்டாம். நிறுத்திய தேதியோடு ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் எழுதிவையுங்கள். தொடங்கிய தேதி தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி. இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் உங்கள் தள முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பல வருடங்களுக்கு முந்தைய உங்கள் முகப்பின் நகல்கள் தேதிவாரியாக அங்கே இருக்க வாய்ப்புண்டு. கவுண்டர் இலக்கங்கள் எழுத்தாக இருந்திருந்தால், ஒவ்வொரு நகலிலும் அன்றைய ரீடிங் அப்படியே இருக்கும். கழித்துப் பார்த்தால் எந்த வருடம் கூட்டம், எந்த வருடம் வறட்சி என்று தெரிந்துவிடும். படமாக இருந்திருந்தால் அந்த இடத்தில் உடைந்த படக்குறி ஒன்றோ, வேறு ஏதோ ஒரு தேதியின் படமோதான் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் தளங்களின் வாசகர்களில் ஒருவர்